பதினான்கு புள்ளிகளும் ஒரு துரு வளையமும்: மார்பிள் மேடையை மீட்ட ஆறு வாரம்

நேற்று இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மேடையைக் குனிந்து பார்த்தேன். வெளியே எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் ஜன்னல் கம்பிகள் ஆறும் கல்லுக்குள் நேராக இறங்கியிருந்தன. சிங்க்கிலிருந்து ஒரு சாண் தள்ளி மூன்றாவது கம்பி மட்டும் லேசாக வளைகிறது. அது நான் தேய்த்த தேய்ப்பால் வந்தது; எப்படி என்று பின்னால் சொல்கிறேன். மற்றபடி வேலை முடிந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு முன்பு இதே மேடையில் பதினான்கு மங்கல் புள்ளிகள் இருந்தன. அடுப்புப் பக்கம் ஓர் எண்ணெய்க் கறை, மூலையில் ஒரு டப்பா விட்டுப்போன துரு வளையம். மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

மேடை 240 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன். வெள்ளை, ஊடே சாம்பல் நரம்பு. ஆறு மாதம் முன்பு இந்த வீட்டுக்கு வந்தபோது, “அது குவார்ட்ஸ், ஒண்ணும் ஆகாது, எதைப் போட்டு வேணாலும் துடைக்கலாம்” என்று முன்பு இருந்தவர்கள் சொன்னார்கள். பொடித்த குவார்ட்ஸைப் பிசினில் கட்டிய செயற்கைப் பலகை என்று அர்த்தம். அவர்களிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். சிங்க்கைச் சுற்றி அப்போதே சில இடங்கள் மங்கிக் கிடந்தன. உப்புத் தண்ணீர் பட்ட தடம் என்று நானும் அம்மாவும் முடிவுகட்டிக்கொண்டோம்.

சுவரில் தொடங்கியது

மேடையைத் தொடும் எண்ணமே எனக்கு இல்லை. பின்சுவர் டைல்ஸின் இடுக்குகளை நிரப்பும் சிமெண்ட் பூச்சான கிரவுட் கறுத்து, அங்கங்கே உதிர்ந்திருந்தது. அதை மாற்றத்தான் இறங்கினேன். கார்பைடு முனை வைத்த கிரவுட் ரம்பத்தால் பழையதைச் சுரண்டி எடுத்தேன். இடுக்கு 2 மி.மீ. அகலம்தான், அதனால் மணல் கலக்காத கிரவுட் போதும். 3 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் மணல் கலந்தது வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது சுருங்கி விரிசல் விடும். பழையதை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எடுத்தால்தான் புதியது பிடிக்கும். கை வலித்து மேலாக மட்டும் சுரண்டிய இரண்டு வரிகள் பத்தே நாளில் பொருக்காக உதிர்ந்துவிட்டன. அவற்றை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

உண்மையான தவறு துடைப்பதில் நடந்தது. கிரவுட்டை ரப்பர் பலகையால் அழுத்திப் பூசியபின், அது லேசாக இறுகும் நேரம் பார்த்து ஈரப் பஞ்சால் டைல்ஸைத் துடைத்துவிட வேண்டும். நான் சுவர் முழுவதும் ஒரே மூச்சில் பூசிவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்று நினைத்தேன். கடைசி வரிசைக்கு வருவதற்குள் முதல் வரிசை காய்ந்து, டைல்ஸ் மேல் பால் காய்ந்த மாதிரி வெள்ளைப் படலம். காய்ந்த துணியால் தேய்த்ததில் பாதிதான் போனது. ஒரு சதுர மீட்டர் பூசி, துடைத்து, அப்புறம் அடுத்ததற்குப் போயிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

படலத்தை எடுக்க சல்பாமிக் அமிலம் கலந்த சிமெண்ட் கறை நீக்கி வாங்கினேன். கிரவுட் நன்றாக இறுகட்டும் என்று பத்து நாள் காத்திருந்து, இடுக்குகளை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டுப் பயன்படுத்தினேன். காய்ந்த சிமெண்ட் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும், நனைந்திருந்தால் அவ்வளவாக உறிஞ்சாது. பாட்டிலில் ‘மார்பிள், சுண்ணாம்புக் கல் மேல் படக்கூடாது’ என்று பெரிதாகவே எழுதியிருந்தது. படித்தேன். நம்முடையது குவார்ட்ஸ்தானே என்று மேடையை மூடாமலே விட்டுவிட்டேன்.

சுவரில் வழிந்தது மேடையில் சொட்டியது. சொட்டிய இடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் எழுந்தன. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் சோடாவின் நுரை அடங்குவது போன்ற சின்னச் சத்தம். சிமெண்ட் தூசியில் பட்டுப் பொங்குகிறது என்று நினைத்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். டைல்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் மேடையைப் பார்த்தால் புள்ளி புள்ளியாகச் செத்துக் கிடந்தது. எண்ணினேன், பதினான்கு. விரல் வைத்தால் மெல்லிய சொரசொரப்பு.

கறை என்று நினைத்த இரண்டு வாரம்

முதலில் செய்தது தேய்ப்பது. பாத்திரம் துலக்கும் பச்சை நாரும் அரைப்புத் தூள் கலந்த கிரீமும் வைத்து ஒரு புள்ளியைப் பத்து நிமிடம் தேய்த்தேன். ஒரு ரூபாய் அளவு இருந்த மங்கல் உள்ளங்கை அளவு ஆனது. அந்த நாரில் ஒட்டியிருக்கும் உராய்வுத் துகள் மார்பிளைவிடப் பல மடங்கு கடினம். கண்ணாடிபோல் இருந்த பரப்பை நானே கீறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பத்து போட்டேன். கல்லுக்குள் இறங்கிய கறையை உறிஞ்சி எடுக்க ஒரு பொடியைத் திரவத்தில் குழைத்து அப்பிவைக்கும் முறை இது. உடம்பு வலிக்குப் பத்து போடுவதுபோலவேதான். சமையல் சோடாவை ஹைட்ரஜன் பெராக்சைடில் தயிர் பதத்துக்குக் குழைத்து, புள்ளிகள் மேல் அரை சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான கனத்தில் அப்பினேன். மேலே பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் டேப், ஊசியால் நான்கைந்து துளை. ஒரு நாள் மூடி வைத்து, அடுத்த நாள் தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டினேன். பதினான்கு புள்ளிகளில் ஒன்றுகூட அசையவில்லை. மறுபடியும் ஒருமுறை. அப்போதும் இல்லை.

ஆனால் கைக்கு மிஞ்சிய கலவையைச் சும்மா அடுப்புப் பக்கத்து எண்ணெய்க் கறை மேல் அப்பியிருந்தேன். அந்தக் கறை மட்டும் ஒரு சாயல் வெளுத்திருந்தது. அங்கேதான் எனக்கு உறைத்தது. இரண்டும் ஒரே வகைச் சேதமாக இருந்தால் ஒரே மருந்துக்கு இப்படி வெவ்வேறாக நடந்துகொள்ளாது.

போனின் டார்ச்சை மேடையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் பளபளப்பு அப்படியே ஓடியது; நிறம்தான் உள்ளே கருத்திருந்தது. புள்ளிகளில் வெளிச்சம் சிதறியது. நிறம் மாறவில்லை, பளபளப்புதான் இல்லை. முன்னது கல்லுக்குள் ஏதோ புகுந்த கறை. பின்னது கல்லையே அமிலம் தின்ற அரிப்பு. கறையை உறிஞ்சி எடுக்கலாம். அரிப்பில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, ஏற்கெனவே போய்விட்டது. சுற்றியுள்ள பரப்பைத்தான் மறுபடி மெருகேற்ற வேண்டும். இந்த டார்ச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். அதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

இது என்ன கல்?

சரி, குவார்ட்ஸை அமிலம் இப்படித் தின்னுமா? பிரிட்ஜ் மறைக்கும் மூலையில் சோதித்துப் பார்த்தேன். வினிகர் இரண்டு சொட்டு விட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பில் குமிழி. எஃகுக் கத்தி முனையால் மெல்ல இழுத்தால் வெள்ளைக் கோடு விழுந்தது, தடவினாலும் அழியவில்லை. பிறகு மேடையின் முன்விளிம்பைப் பார்த்தேன். மேலே ஓடிய சாம்பல் நரம்பு விளிம்பில் மடங்கி, அதே கோணத்தில் கீழே இறங்கியது. மலைக்குள் உருவான கல்லில்தான் நரம்பு இப்படி ஊடுருவிப் போகும். செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் நரம்பு மேற்பரப்போடு நின்றுவிடும். உற்றுப் பார்த்தால் சர்க்கரை மாதிரி ஒரே சீரான துகள் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வாசல்படியின் கருப்பு கிரானைட்டிலும் அதே இரண்டு சோதனை. குமிழி இல்லை. கத்திதான் படியில் சாம்பல் தடம் விட்டது, அதுவும் துடைத்ததும் போய்விட்டது.

ஆக, எங்கள் மேடை மார்பிள். கால்சியம் கார்பனேட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 3 தான். கத்தி ஐந்தரை பக்கம், கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கனிமம் 7. சிங்க் ஓரத்து ‘உப்புத் தண்ணீர்த் தட’மும் அப்போது புரிந்தது. அங்கே வைத்துத்தான் அம்மா எலுமிச்சை நறுக்குவார்.

அந்த வாரமே இதைக் கழற்றிவிட்டு உண்மையான குவார்ட்ஸ் போட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஒருவர் அளவெடுக்க வந்தார். சிங்க் ஓட்டையை இங்கேயே சமையலறையில் வைத்து, தண்ணீர் விடாமல் கட்டர் போட்டு வெட்டிவிடலாம், கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்றார். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் எடைக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்கூடப் பொடித்த குவார்ட்ஸ் இருக்கும், மீதி பிசின். அதை உலர வெட்டினால் எழும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும். அதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைகளைத் தயாரிப்பது, விற்பது, பொருத்துவது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. கல் வீட்டில் வந்து அமைதியாக உட்கார்ந்தபின் நமக்கு ஆபத்து இல்லை. வெட்டுகிறவருக்குத்தான் ஆபத்து. தண்ணீர் விட்டு, பட்டறையில், முகமூடியோடு வெட்டுகிறார்களா என்று கேட்பது வாங்குகிறவரின் வேலையும்தான் என்று நான் நினைக்கிறேன்.

மார்பிளையே வைத்துக்கொள்வது என்று முடிவானதும் தெரிந்த வட்டத்தில் விசாரித்து, முப்பது வருடமாகக் கல் பாலிஷ் போடும் ஓர் அண்ணனிடம் போனில் பேசினேன்.

“அண்ணா, புள்ளி மேல மட்டும் தேய்க்கலாமா?”

“தேய்க்கலாம்மா, ஆனா குழி விழும். முதல்ல தண்ணி தடவிப் பாருங்க. தண்ணியில மறைஞ்சா மேலோட்டம், பாலிஷ் பவுடர் போட்டாலே போயிடும். தண்ணியிலயும் தெரிஞ்சா, நகம் தட்டினா, வாட்டர் பேப்பர் போடணும்.”

“எந்த நம்பர்ல ஆரம்பிக்கிறது?”

“எவ்வளவு நைஸ்ல ஆரம்பிக்க முடியுமோ அதுல. முரட்டுப் பேப்பரை எடுத்துட்டீங்கன்னா அது போட்ட கீறலை எடுக்கவே அரை நாள் போகும்.”

இந்த ஒரு போனில் கற்றது எந்தப் பாட்டில் விளக்கத்திலும் இல்லை.

வளைந்த கம்பி

தண்ணீர் தடவியதில் ஒன்பது புள்ளிகள் மறைந்தன, ஐந்து மறையவில்லை. பிரிட்ஜ் மூலையில் ஒருமுறை பழகிவிட்டு ஐந்தில் முதலாவதை எடுத்தேன். அண்ணன் சொன்னதை மீறியது இங்கேதான். வாட்டர் பேப்பர் என்பது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைஸ். 400 மெதுவாக வேலை செய்வதாகத் தோன்றியது. வீட்டில் கிடந்த 220-ஐ விரல் நுனியில் சுற்றி அழுத்தித் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் அரிப்பு போய்விட்டது. அதன்பின் எல்லா எண்ணும் போட்டுப் பளபளப்பும் வந்துவிட்டது. ஆனால் விரல் அழுத்திய இடம் கிண்ணம்போல் குழிந்திருந்தது. கையால் தடவினால் தெரியாது, பிரதிபலிப்பு காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது கம்பி வளைவது அங்கேதான். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் சுற்றிலும் அரை மீட்டர் பரப்பை இயந்திரத்தால் இறக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன்.

மற்ற நான்குக்கு முறையை மாற்றினேன். 10 செ.மீ.க்கு 6 செ.மீ. மரக்கட்டை ஒன்று எடுத்து, அடியில் மெல்லிய ரப்பர் தாள் ஒட்டி, அதன்மேல் வாட்டர் பேப்பரைச் சுற்றினேன். கட்டை தட்டையாக இருப்பதால் குழி விழாது; ரப்பர் இருப்பதால் ஓரம் கீறாது. கல் எப்போதும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி நனைந்திருக்க வேண்டும், தெளிப்பான் பாட்டில் போதும். 400-ஐ மேடையின் நீளவாக்கில், 800-ஐ அகலவாக்கில், 1500-ஐ மறுபடி நீளவாக்கில், 3000-ஐச் சுழற்றி. திசையை மாற்றினால்தான் முந்தைய எண்ணின் கீறல் தீர்ந்ததா என்று தெரியும். குறுக்கே ஒரு கோடு மிச்சமிருந்தாலும் கண்ணில் படும். ஒவ்வோர் எண்ணிலும் முந்தையதைவிட இரண்டு விரல்கடை அதிகமாகச் சுற்றுவட்டத்தை விரித்துக்கொண்டே போனேன். எண் மாறும் முன் பால்போல் சேரும் குழம்பை முழுவதும் கழுவி எடுக்க வேண்டும். 400-ன் ஒரே ஒரு மணல் 1500-க்குள் மாட்டிக்கொண்டால் நீளமாக ஒரு கீறல் போடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, அந்த இடத்தில் மறுபடி 800-க்குத் திரும்பினேன்.

இன்னொன்று: ஈரத்தில் எல்லாமே அழகாகத் தெரியும். காயவைத்துப் பார்க்காமல் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. ஒரு புள்ளிக்கு எனக்கு 25 முதல் 40 நிமிடம் ஆனது.

3000 முடிந்ததும் கல் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்புக்கு வரும், கண்ணாடி மினுமினுப்பு இன்னும் வராது. அங்கேதான் மார்பிள் பாலிஷ் பவுடர். ஆக்சாலிக் அமிலமும் நுண்ணிய உராய்வுத் தூளும் கலந்தது என்று டப்பாவில் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு தேக்கரண்டி பவுடரில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கம்பளித் துணி சுற்றிய அதே கட்டையால் தேய்த்தேன். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. நான்காவது நிமிடத்தில் கட்டை வழுக்குவதை நிறுத்தி, கல்லைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். கைக்கு அந்த இழுப்பு நன்றாகத் தெரியும். அதுதான் மெருகு ஏறுகிற அடையாளம் என்று இப்போது தெரிகிறது. முதல் தடவை பவுடர் காய்ந்துவிட்டதோ என்று பயந்து பாதியில் கழுவிவிட்டேன், மங்கலாகவே நின்றது. இரண்டாம் முறை காயாமல் இரண்டு சொட்டு தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் இரண்டு நிமிடம் தொடர்ந்தேன். கழுவித் துடைத்தபோது சாம்பல் நரம்பு திடீரென்று உள்ளே ஆழமாகத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மேலோட்டமான ஒன்பது புள்ளிகளும், சிங்க் ஓரத்துப் பழைய மங்கல்களும் பேப்பரே இல்லாமல் பவுடரிலேயே போய்விட்டன. தலா ஆறேழு நிமிடம்.

எண்ணெயும் துருவும்

வரிசையில் இங்கே பிசகினேன். கறை எடுக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டு மெருகுக்குப் போயிருக்க வேண்டும். துரு எடுக்கும் மருந்து மார்பிளை லேசாக மங்க வைத்துவிடும். மெருகேற்றிய இடத்தில் மறுபடி பவுடர் போடும்படி ஆயிற்று.

எண்ணெய்க்கு இம்முறை முகப்பவுடருக்குப் பயன்படும் டால்க் தூளை அசிட்டோனில் குழைத்தேன். எண்ணெயை அசிட்டோன் கரைக்கும், தூள் அதை மேலே இழுத்துக்கொள்ளும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, கேஸை மூடி, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் செய்தேன். அந்த நாள் முழுக்க அந்தப் பக்கம் சமைக்கவில்லை. கறையைவிட 2 செ.மீ. அகலமாக அப்பி, மூடி, ஒரு நாள். திறந்து இன்னொரு நாள் காயவிட்டேன். காய்ந்த தூளை மரச் சட்டுவத்தால் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தேன். கல்லைத் தொட்டிருந்த அடிப்பக்கம் வெள்ளை. வெளிக்காற்று பட்ட மேற்பக்கம் பழுப்பேறிய மஞ்சள். கறை உள்ளிருந்து நடந்து மேலேறி வந்திருக்கிறது. மூடியைக் கழற்றிக் காயவிடும் அந்த இரண்டாம் நாள்தான் கறையை இழுக்கிறது. முதல் தடவை பத்து போட்டபோது அவசரமாக ஈரத்திலேயே சுரண்டியிருந்தால் அந்தச் சாயல்கூட வெளுத்திருக்காது. மூன்று சுற்றில் கறை முற்றிலும் போனது.

துரு அப்படிப் போகவில்லை. குளியலறைக்கு வைத்திருந்த துரு நீக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், அமிலம். மார்பிளில் போட்டிருந்தால் துருவோடு கல்லும் கரைந்திருக்கும். கல்லுக்கென்றே வரும் அமிலமில்லாத துருப் பசை வேண்டும். அது இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகிறது. அந்த நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே பாதி மதியம் உட்கார்ந்திருந்தேன். நாற்றம் சகிக்கவில்லை. இரண்டு சுற்றுக்குப் பின் ஆரஞ்சு வளையம், வெளிர் தேநீர் நிறத்தில் ஒரு நிழலாகச் சுருங்கியது. மூன்றாவது சுற்றில் மாற்றமே இல்லை. நிறுத்திவிட்டேன். ஈர டப்பாவை ஒரு வாரம் கல் மேல் வைத்ததன் விளைவு இது. இப்போது டப்பாக்களெல்லாம் ஒரு தட்டின் மேல்.

சீலர்

இரண்டு முழு நாள் மேடையைத் தொடாமல் காயவிட்டேன். சீலர் என்பது கல்லுக்குள் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தப் பூசும் திரவம். ஈரக் கல்லில் அது இறங்காது. போடுவதற்கு முன் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டு நேரம் பார்த்தேன்: நான்கு நிமிடத்தில் அடியில் கருத்தது. கல் குடிக்கிறது என்று பொருள். அந்த இடமும் காய்ந்து பழைய நிறத்துக்கு வரும்வரை காத்திருந்தேன்.

உள்ளிறங்கும் வகைச் சீலரைத் துணியால் பரவலாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு, மேலே மிஞ்சியதைக் காயும் முன் உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்தேன். துடைக்காமல் விட்டால் பிசுக்காகப் படிந்துவிடும். ஒரு நாள் கழித்து அதே தண்ணீர்ச் சோதனை: இருபது நிமிடமாகியும் நிறம் மாறவில்லை. மேடை முழுவதற்கும் 100 மி.லி.க்குள்தான் ஆனது.

சீலர் போட்டால் எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது என்று அம்மா நிம்மதியாகச் சொன்னார். அதை நம்பி விட்டுவிட முடியாது என்று பிரிட்ஜ் மூலையில் சீலர் போட்ட இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடத்தில் துடைத்தேன். தெளிவாக ஒரு மங்கல் வட்டம். சீலர் கல்லின் துளைகளுக்குள் எண்ணெயோ தேநீரோ இறங்குவதைத் தாமதப்படுத்தும். பரப்பில் படும் அமிலத்துக்கு அது தடையே இல்லை. அந்த வட்டத்தை அம்மாவிடம் காட்டினேன். அன்றிலிருந்து நறுக்குவதெல்லாம் பலகை மேல்தான், துடைப்பது ஈரத்துணியும் நடுநிலைச் சோப்பும் கொண்டுதான்.

கணக்கு

மொத்தம் 19 மணி நேரம், அப்பிய பத்து காயக் காத்திருந்த நேரத்தைச் சேர்க்காமல். வாட்டர் பேப்பர் 400-ல் 2, 800-ல் 3, 1500-ல் 3, 3000-ல் 4 தாள். பாலிஷ் பவுடர் 150 கிராம். டால்க் ஒரு டப்பா, அசிட்டோன் அரை லிட்டர், துருப் பசை ஒரு சின்ன டப்பா, சீலர் 250 மி.லி. பாட்டிலில் பாதிக்கும் குறைவு. எல்லாம் சேர்ந்து புது மேடை போடக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. வீணாய்ப் போனது முதல் இரண்டு வாரத்து சோடாவும் பெராக்சைடும் பச்சை நாரும்தான்.

மறுபடி ஒரு மேடை தேர்ந்தெடுக்கும் நாள் வந்தால், அடுப்புக்கும் சிங்க்குக்கும் பக்கத்தில் மார்பிள் வைக்க மாட்டேன். அங்கே கிரானைட், அல்லது தண்ணீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்தைத் தாண்டாத போர்சலின் பலகை. குவார்ட்ஸுக்கு அமிலப் பயம் இல்லை, சீலரும் வேண்டாம். ஆனால் அதைக் கட்டிவைத்திருப்பது பிசின். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் வெள்ளைத் தழும்பு விழும், அதை இந்த மாதிரி உட்கார்ந்து தேய்த்து எடுக்கவும் முடியாது. வெயில் நேராக விழும் ஜன்னலடியிலும் அது மஞ்சளடிக்கும். மார்பிளின் பெருமை அதுதான்: சீக்கிரம் கெடும், ஆனால் நம் கையாலேயே திரும்பி வரும். பளபளப்பு வேண்டாம் என்றால் 400-லேயே நிறுத்திய மங்கல் பாலிஷ் மார்பிள் கிடைக்கும். அதில் எலுமிச்சைத் தடம் அவ்வளவாகக் கண்ணில் படாது. நான் திரும்பச் செய்தால் அதைத்தான் எடுப்பேன்.

கடைக்குப் போகும்போது பெயரை நம்பப்போவதில்லை. குவார்ட்சைட் என்பது பார்க்க மார்பிள் மாதிரி இருக்கும், ஆனால் குவார்ட்ஸாலான கடினமான இயற்கைக் கல். அந்தப் பெயரில் விற்கப்படும் கற்களில் சில வெறும் மார்பிள். பையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, வினிகர், அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணி. கல்லின் உடைந்த முனை கண்ணாடியைக் கீறினால் அது உண்மையிலேயே குவார்ட்சைட். கீறாமல் வழுக்கினால், வினிகரில் மங்கினால், மார்பிள் குடும்பம். கருப்புக் கல்லைத் தேய்த்த துணியில் கருப்பு ஏறினால் சாயம் போட்ட கல். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, எண்ணெயும் தேநீரும் எலுமிச்சையும் ஓர் இரவு அதன்மேல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

சுவரும் மேடையும் சேரும் மூலையில் நான் போட்ட கிரவுட் ஏற்கெனவே மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு வேறு பரப்புகள் சேரும் இடம் அசையும், அங்கே சிமெண்ட் நிற்காது. வரும் சனிக்கிழமை அதைச் சுரண்டிவிட்டு வெள்ளை சிலிக்கான் இழுக்க வேண்டும். இந்த முறை மேடையைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுத்தான்.

சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ‘மார்பிள். குவார்ட்ஸ் இல்லை. அமிலம் படக்கூடாது’ என்று எழுதி, அதன் கீழே சீலர் போட்ட தேதியும், மீதி வாட்டர் பேப்பர் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதும்.